உயிர் மட்டும்

வானம் வந்தது, பிறகு கல் வந்தது, பிறகு மறுபடியும் வானம். கல் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், மறந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் உதட்டில் ஒட்டும். ஆவுடையப்பனுக்குத் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே ஒட்டிவிட்டது. துப்பலாமா கூடாதா என்று தெரியவில்லை, கோயில் பிராகாரம், விழுங்கிவிட்டார். தெப்பக்குளத்தில் முங்கி எழுந்த வேட்டி இரண்டு காலையும் சேர்த்துப் பாடையில் கட்டின மாதிரி இறுக்கியது. தலைக்கு மேல் கூப்பிய கைகள் ஒவ்வொரு புரளலுக்கும் பிரிந்துபோகப் பார்த்தன. "கைய மடக்காதிய அத்தான், முழங்கை பேந்துரும்" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. குற்றாலிங்கம். செத்துப்போன சொர்ணத்தின் தம்பி. குனிந்தபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டு, இடுப்பில் ஒரு கையும் தோளில் ஒரு கையும் கொடுத்து அவரை உருட்டிவிடுகிறவன். இந்த வயசில் தனியாக அங்கப்பிரதட்சணம் முடியாது, உறவில் ஒருத்தர் கை கொடுத்தாக வேண்டும். "எங்கக்கா இருந்த காலத்துலயும் உங்கள நல்லா உருட்டுனா, போன பெறவும் விடமாட்டேங்கா பாத்தியளா" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார், சிரிப்பதற்குள் கல் வந்துவிட்டது. நேர்ந்தது சொர்ணம்தான். அவரைக் கேட்காமல் அவர் உடம்பை நேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் உன் கோயிலைச் சுற்றி உருண்டு வருவார், என் மகனுக்கு உயிர் மட்டும் கொடு முருகா, அது போதும். ஆஸ்பத்திரி நடையில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால், மஞ்சள் துணி கிடைக்காமல் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் பக்கத்தில்தான் நின்றார், காதில் விழுந்தது. பெண்டாட்டி நேர்ந்தால் புருஷன் செய்ய வேண்டும், அதில் என்ன கேள்வி. உயிர் மட்டும். எதற்காக அப்படிக் கேட்டாள்? நிறையக் கேட்டால் கோபித்துக்கொள்வான் என்று பயந்தாளா? வானம். கல்.

மகன் கதிரேசன் அன்றைக்கும் இந்தச் சாமிக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தான். பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் முகப்பில் சீரியல் பல்பு கட்ட ஏறினவன். மூங்கில் ஏணி, ஈரக் கை, எவனோ அவசரப்பட்டு மெயினைப் போட்டான், யார் போட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, அதாவது எல்லோருக்கும் தெரியும். விழுந்தவனுக்கு நெஞ்சு நின்றுபோயிருந்தது. கூட்டத்தில் சாமி கும்பிட வந்த ஒரு நர்ஸ் பிள்ளை அவன்மேல் குனிந்து நெஞ்சை அமுக்கி அமுக்கி ஓட வைத்தது. முருகன்தான் அவளை அனுப்பினான் என்றார்கள். மெயினைப் போட்டவனையும் அவன்தான் அனுப்பினானா என்று கேட்க ஆவுடையப்பனுக்கு அப்போது நாக்கு இல்லை. நெஞ்சு ஓடிற்று, ஆனால் நின்றிருந்த நேரத்தில் தலைக்குள், தண்ணி ஏறாத மேட்டுத் தெரு மாதிரி, எல்லாம் காய்ந்துவிட்டது. டாக்டர் மேட்டுத் தெரு என்று சொல்லவில்லை, மூளைக்கு ரத்தம் போகவில்லை என்றார். பேரூராட்சியில் தண்ணி திறந்துவிட்டுக் காலம் தள்ளிய மனுஷனுக்கு அது மேட்டுத் தெருவாகத்தான் பட்டது. "உயிருக்கு ஆபத்தில்லம்மா" என்று டாக்டர் வெளியே வந்து சொன்னதும் சொர்ணம் அந்த நடையிலேயே விழுந்து கும்பிட்டாள். கேட்டதைக் கொடுத்தான். கேட்டதை அளந்து கொடுத்தான், ஒரு நெல் கூடவும் இல்லை, ஒரு நெல் குறையவும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியது, தென்புறக் கல் முதுகில் சுட்டது, அந்தச் சூடு ஈர வேட்டி வழியாக நல்லாயிருந்தது, நல்லாயிருக்கிறதே என்று நினைத்ததும் மகன் நினைவு வந்து அது கெட்டுப்போனது. கட்டிலில் கிடக்கிறவனுக்கு வெயில் எப்படி இருக்கும்? ஜன்னல் வழியாக அவன் முழங்கால்மேல் விழும், கொஞ்சநேரம் இருந்துவிட்டுச் சுவருக்குப் போய்விடும். கண் திறந்திருக்கும். வெயிலையும் பார்க்காது, சுவரையும் பார்க்காது. தலையில் நரை வந்துவிட்டது அவனுக்கு. பையனாக ஏணியில் ஏறினவனுக்குப் படுக்கையிலேயே நரை விழுந்தது, போன தை மாதம் முடி வெட்டிவிடும்போது பார்த்தார், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பிள்ளை பிழைத்த கையோடு நேர்ச்சையைச் செய்திருக்க வேண்டும். சொர்ணம் கேட்டாள், அழுதாள், சோறு போடாமல் இருந்தாள், கடைசியில் கெஞ்சினாள். "செய்யாம விட்டா சாமி குடுத்தத திருப்பி எடுத்துக்கிடும்ங்க. எம்புள்ளைய எடுத்துக்கிடும்." அவர் செய்யவில்லை. இடுப்பு வலி என்றார், கூட்டமாக இருக்கிறது என்றார், வேட்டியோடு உருள வெட்கமாக இருக்கிறது என்றார். அவருக்கு வீம்பு என்று அவள் நினைத்தாள், ஊரும் அப்படித்தான் நினைத்தது. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவர் செய்யாமல் இருந்தார். அதை ஒருநாளும் வாய்விட்டு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கிடையாது, இன்றைக்கும் இந்தக் கல்லில் முகம் உரசுகிறபோதுதான் அந்த எண்ணம் இத்தனை துணியில்லாமல் வந்து நிற்கிறது. நேர்ச்சையைச் செலுத்தாவிட்டால் சாமி திருப்பி எடுக்கும் என்றாளே, எடுக்கட்டுமே. சாமி எடுக்கவில்லை. பொறுமையாக இருந்தது. எடுத்தது சொர்ணத்தைத்தான். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள், மகனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. சாகிறபோதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுத்துதானே, ஒரே ஒரு சுத்து, என்றாள். இப்போது உருள்கிறார். அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக என்று குற்றாலிங்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறான். அது உண்மையில்லை. பழைய நேர்ச்சை நிலுவையில் இருக்கும்போது அந்தச் சாமியிடம் புதிதாக ஒன்று கேட்கக் கூடாது, கேட்டால் ஏறாது. சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த வழக்கம். அவருக்குப் புதிதாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மார்கழியில் நெஞ்சு அடைக்கிறது என்று போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு, உங்ககூட யாரு வந்திருக்கா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கதிரேசன் கட்டிலில் உட்கார்ந்து, எனக்குப் பிறகு, என்று நினைத்தார். நினைப்பு அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. வண்டி மாடு ஓடையைக் கண்டு நின்ற மாதிரி நின்றுகொண்டது.

"கால இழுக்கப்போறேன் அத்தான், மூலை வந்துட்டு" என்று குற்றாலிங்கம் கணுக்காலைப் பிடித்துத் திருப்பினான். தலை சாமி பக்கம், கால் மதில் பக்கம். மேற்குப் பிராகாரம் நிழலாகக் கிடந்தது, கல் சில்லென்றது. உருளும்போது வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டார். கொடிமரத்தடியில் போய் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்க வேண்டிய வாக்கியம். சொர்ணம் மாதிரி அவசரத்தில் கேட்டுவிடக் கூடாது. இந்தச் சாமி சொல்லுக்குச் சொல் கொடுக்கிற சாமி. அவனை எடுத்துக்கொள் என்று மொட்டையாகக் கேட்டால் எப்படி எடுக்கும் என்று யார் கண்டது, கஞ்சி புரையேறி எடுக்கலாம், புண்ணில் புழு வைத்து எடுக்கலாம். அதனால் தூக்கத்தில் என்று சேர்த்தார். மூச்சு முட்டாமல் என்று சேர்த்தார். எனக்கு முன்னால் என்று சேர்த்தார், அதுதான் முக்கியம். நான் வீட்டில் இருக்கும்போது என்றும் சேர்த்தார். என் கை அவன்மேல் இருக்கும்போது என்று ஒருநாள் சேர்த்து, மறுநாள் அது ரொம்ப அதிகம் என்று எடுத்துவிட்டார். கேட்கிறவனுடைய பாடு அவருக்குப் புதிது, கொடுக்கிறவனுடைய பாடு நன்றாகத் தெரியும். வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் குடத்தோடு மறிப்பார்கள். நாசமாப் போவ என்பவளும் உண்டு, எங்க அய்யால்லா என்பவளும் உண்டு. மேட்டுத் தெருவில் ஒரு ஊமைக் கிழவனின் மகள் இருந்தாள், சண்டை போடத் தெரியாது. ஒரு கொடம் போதும்யா என்பாள். அவரும் அவள் குடம் நிறைகிற நேரத்துக்குத் திறந்துவிட்டு மூடிவிட்டுப் போவார். நல்ல காரியம் செய்த நினைப்போடு டீ குடிப்பார். ஒரு குடத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்ன செய்தார்கள், யார் குளித்தார்கள், யார் தாகத்தோடு கிடந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்தது கிடையாது. கேட்டது ஒரு குடம், விட்டது ஒரு குடம். மேலே இருப்பவனும் டீ குடிக்கப் போயிருப்பான்.

முன்னால் இரண்டு கால்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு புரளலிலும் ஒரு தடவை முகம் அந்தப் பக்கம் திரும்பும்போது தெரியும். குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கிற கால்கள், அடிப்பிரதட்சணம். ஈரப் புடவையின் கரையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் வழியை நனைத்தது. சின்ன வயசுக் கால், மெட்டி புதுசு, பித்தவெடிப்பு இல்லை. கூடவே செருப்பில்லாத தடித்த இரண்டு கால்கள், அதற்குச் சொந்தமான குரல் நிற்காமல் பேசிக்கொண்டு வந்தது. "ஏட்டி செல்லக்கனி, பராக்கு பாக்காம நட. இடையில எடம் விழப்பிடாது. புள்ளைய நெனைச்சுக்கிட்டே நட." மாமியார்க்காரி. "நெனைச்சுக்கிட்டுதான் அத்தை நடக்கேன்." "நெனைச்சா மட்டும் போதுமா? கேளு. வாய்விட்டுக் கேளு." குற்றாலிங்கத்துக்கு அடுத்தவர் பேச்சில் தலையை விடாமல் இருக்க முடியாது. புள்ளைக்கு என்ன என்று விசாரித்தான். பேத்தியாம், மூன்று வயசாம், காய்ச்சலில் இழுப்பு வந்து பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறதாம், மூளைக் காய்ச்சல் என்கிறார்களாம், இன்னும் கண் முழிக்கவில்லையாம், தகப்பன்காரன் அங்கே இருக்கிறானாம். "கவலையே படாதிய" என்றான் குற்றாலிங்கம். அவர் இடுப்பில் இருந்த அவன் கை தட்டிக்கொடுக்கிற மாதிரி ஆயிற்று, சந்தைக்குக் கொண்டுபோகிற மாட்டைத் தட்டுகிற தட்டு. "இந்தா உருண்டு வாராவல்லா, எங்க அத்தான், இவுக மவன் கரெண்டு அடிச்சு நெஞ்சே நின்னுபோச்சு. செத்தாச்சுன்னு ஊரே சொல்லிட்டு. எங்கக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டா முருகன்ட்ட, உயிரு மட்டும் குடுத்துரு வேற ஒண்ணும் வேண்டாம்னு. கேட்ட அன்னைக்கே உயிரு வந்துட்டு. அந்த நேர்ச்சைக்குத்தான் இந்த வயசுல உருளுதாவ. வெசுவாசம்னா இதுல்லா வெசுவாசம்." மாமியார்க்காரி அய்யோ முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. "கேட்டியாட்டி? அப்படிக் கேளு நீயும். கையி காலு கண்ணுன்னு அடுக்காத. உயிரு மட்டும்னு கேளு." முன்னால் போன கால்கள் நின்றன. பிறகு நடந்தன. மெல்லிய குரல் ஒவ்வொரு அடிக்கும் சொல்லத் தொடங்கியது. உயிர் மட்டும் முருகா. உயிர் மட்டும். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார், அப்படிக் கேட்காதே தாயி என்று சொல்லத்தான் திறந்தார், கல் வந்தது, வானம் வந்தது, சொல்ல இருந்தது அந்தப் புரளலிலேயே போய்விட்டது. குற்றாலிங்கம் ஏன் பொய் சொல்கிறான்? யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றுமில்லை. ஒரு சொல் பொய்யில்லை. ஊரில் இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேர் மனசைத் தேற்றியிருக்கிறார்கள். கடையில், பஸ்ஸில், யார் வீட்டில் நோய் நொடி என்றாலும் கதிரேசன் கதை போய் நிற்கும். கதையில் அவன் எழுந்து நடக்கிறான் என்று கேட்பவர்கள் தாங்களே நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. வந்தவர்களும் வாசலிலேயே மூக்கைச் சுருக்கிவிட்டு, முருகன் இருக்கான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வடக்குப் பிராகாரம் வழுக்கியது. அபிஷேகத் தண்ணி கோமுகம் வழியாக வந்து விழுகிற இடம், பாலும் பஞ்சாமிர்தமும் கலந்து பாசி பிடித்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. எறும்பைப் பார்த்ததும் அவர் உடம்பு சுருண்டது. "என்ன அத்தான், கட்டெறும்பா? கடிக்கட்டும், புண்ணியம்" என்று குற்றாலிங்கம் தள்ளினான். கொழுந்தியா மகள் கல்யாணத்துக்கு அவரும் சொர்ணமும் போன அன்று, குற்றாலிங்கத்தின் பெண்டாட்டி பகவதிதான் கதிரேசனைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள், குறை சொல்ல முடியாது. சர்க்கரைப் பொங்கல் ஊட்டியிருக்கிறாள், நல்ல மனசோடுதான் ஊட்டியிருக்கிறாள். வாயைத் துடைக்க மறந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது கடைவாயிலிருந்து காது வரைக்கும் எறும்பு சாரியாகப் போய்க்கொண்டிருந்தது, காதுக்குள்ளேயும் போயிருந்தது, அவன் கண் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வலிக்கவில்லை போலிருக்கு என்றாள் பகவதி. வலிக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிறகு என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சாரி வந்துவிடுகிறது. குற்றாலிங்கம் இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினான். அந்தத் தள்ளல் மாறியிருந்தது. தெற்கில் இருந்த பதனம் இப்போது இல்லை, நேரமாகிறது, கடை திறக்க வேண்டும், முதுகு வலிக்கிறது, இந்தக் கிழவன் எப்போது முடிப்பான், எல்லாம் அந்த உள்ளங்கையில் இருந்தது. வாய் மட்டும், இன்னும் கொஞ்சந்தான் அத்தான், என்றது. ஆவுடையப்பனுக்குக் கண்ணை மூடியபடியே குற்றாலிங்கத்தின் மனசு முழுசும் தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. கதிரேசனைப் புரட்டிப் போடுகிற கை அவருடைய கைதானே. முதுகில் புண் வராமல் இருக்கக் காலையில், மத்தியானம், விளக்கு வைத்த பிறகு, இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை. இதே மாதிரிதான். எத்தனை வருஷமாக அந்தக் கையோடு அவன் கிடக்கிறான். கண் பார்க்காது, காது கேட்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். தோலைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பீயை வழித்துவிட்டு எரிச்சலோடு புரட்டின கை. போதும்டா, போய்ச் சேர், என்று உள்ளே சொல்லிக்கொண்டு புரட்டின கை. சாமி காதில் விழுந்திருக்குமோ விழாதோ என்று பயந்தாரே, விழவேண்டிய இடத்தில் அது தினமும் மூன்று வேளை விழுந்துகொண்டிருந்திருக்கிறது. இல்லை. அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு விரலாவது அசைந்திருக்காதா? தெரிந்துதான் அசையாமல் கிடக்கிறானா? வானம் வந்தது. வானத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அத்தான், அழுதியளா?" "கண்ணுல தண்ணி போயிட்டுல." "அபிஷேகத் தண்ணில்லா, நல்லதுதான்" என்றான் குற்றாலிங்கம்.

கிழக்கே திரும்பியதும் மறுபடி வெயில், மணிச் சத்தம், கற்பூரப் புகை. கொடிமரத்தடியில் உருளல் நின்றது. நின்றும் வானம் நிற்காமல் சுழன்றது, குற்றாலிங்கம் தூக்கி உட்கார வைத்தான், உட்கார்ந்த பிறகும் கோபுரம் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து நிமிர்ந்தது. உடம்பு முழுக்க மண்ணும் பாசியும் குங்குமமும். எதிரே கர்ப்பக்கிரகத்தில் விளக்கு தெரிந்தது. அவ்வளவுதான், நேர்ச்சை முடிந்தது, பழசு தீர்ந்தது. இனிமேல் கேட்கலாம். வாக்கியம் நாக்குக்கு வந்துவிட்டது, தூக்கத்தில், மூச்சு முட்டாமல், எனக்கு முன்னால். அந்த நேரம் அந்தப் பெண் வந்து அவர் காலில் விழுந்தாள். முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். சின்னப் பெண், உதடு வெடித்து, கண் இரண்டும் உறக்கமில்லாமல் செம்பருத்தியாக. "அய்யா, உருண்டு முடிச்ச ஈரம் காயுததுக்குள்ள கேட்டா பலிக்கும்னு சொல்லுதாவ. எம்பிள்ளைக்காக உங்க வாயால ஒரு வார்த்தை கேளுங்கய்யா. உங்களுக்குக் குடுத்தாருல்லா." மாமியார்க்காரி பின்னால் கைகூப்பி நின்றாள். உருண்டு முடித்தவரிடம் அப்படிக் கேட்பது வழக்கம்தான், மறுத்தால் பாவம். ஆவுடையப்பன் கை கூப்பினார். அவளுக்காகக் கேட்கத்தான் கூப்பினார், ஆனால் வாயைத் திறந்ததும் இத்தனை மாதம் ஒத்திகை பார்த்த ஜாக்கிரதை முழுக்கவும் அந்தப் பிள்ளைக்காகப் புறப்பட்டுவிட்டது. "முருகா, அந்தப் பிள்ளைக்கு உயிர் மட்டும் குடுத்துராத. கண்ணு பாக்கணும். பேரச் சொன்னா திரும்பணும். தானா முழுங்கணும். தானா பொரண்டு படுக்கணும். எறும்பு கடிச்சா அழணும். பசிச்சா கேக்கணும், கோவம் வந்தா அடிக்கணும், நடந்து வெளிய ஓடணும். அம்மான்னு சொல்லணும். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் உயிரக் குடுக்காத." குரல் எப்படி அத்தனை சத்தமாக வந்தது என்று தெரியவில்லை. பூக்கட்டுகிற பெண்கள் கையை நிறுத்தினார்கள். மாமியார்க்காரி பாய்ந்து வந்தாள். "என்னய்யா சொல்லுதீரு? நாசமா போற வாயி! எம்பேத்திக்கு உயிரக் குடுக்காதன்னு சாமிக்கு முன்னால நின்னு சொல்லுதீரே, நீரு மனுஷனா?" "அத்தான்!" என்று குற்றாலிங்கம் தோளைப் பிடித்தான். "தல சுத்திப்போச்சும்மா அவுகளுக்கு, தப்பா எடுத்துக்கிடாதிய." "தல சுத்தல" என்றார் ஆவுடையப்பன். "எம்மவனுக்கு உயிரு மட்டுந்தாம்மா வந்துது. அது மட்டுந்தான். கட்டில்ல கெடக்கான். கண்ணு தெறந்துருக்கும், பாக்கமாட்டான். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல." மாமியார்க்காரி குற்றாலிங்கத்தைப் பார்த்தாள், குற்றாலிங்கம் கொடிமரத்தைப் பார்த்தான். செல்லக்கனி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடுதாரா?" என்று கேட்டாள். "விடுதான்." "ஒடம்பு சூடா இருக்குமா? தொட்டா?" "இருக்கும்." "ராத்திரி பக்கத்துல படுத்துக்கிடலாமா?" ஆவுடையப்பனுக்குச் சொர்ணத்தின் பாய் தெரிந்தது, கட்டிலை ஒட்டிப் போட்ட பாய், கட்டிலிலிருந்து தொங்கும் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு அவள் தூங்கின தூக்கம். அவள் சந்தோஷமாக இருந்தாளோ என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை. "படுத்துக்கிடலாம்" என்றார். "அது போதும்யா எனக்கு" என்றாள் செல்லக்கனி. எழுந்து சந்நிதியைப் பார்த்து நின்று, மண்ணில் எழுதினதை அழிக்கிற அவசரத்தோடு சொன்னாள்: "அந்த அய்யா கேட்டது எனக்கு வேண்டாம் முருகா. நான் கேட்டதையே குடு. உயிரு மட்டும் குடு." மூன்று தடவை சொன்னாள். மாமியார்க்காரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிறபோது ஆவுடையப்பன் இருந்த பக்கம் காறித் துப்பப் போனவள், கோயில் என்று நினைவு வந்து விழுங்கிக்கொண்டாள். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. தோளில், முதுகில், வெயில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு இழுத்துக்கொண்டிருந்தது. "பெரிய வேலை பாத்துட்டிய" என்றான் குற்றாலிங்கம், முன்பிருந்த சத்தம் குரலில் இல்லை. "உங்களுக்குன்னு கேக்க வேண்டியதக் கேட்டு முடிங்க, காஞ்சிரும். வீட்டுல அவனத் திருப்பிப் போடணும், பகவதிக்கு ஒத்தையில ஆவாது." ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வாக்கியம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு சொல் சிதறவில்லை. அவனை எடுத்துக்கொள் என்று தொடங்கினார். தூக்கத்தில் என்றார். மூச்சு முட்டாமல் என்றார். எனக்கு முன்னால் என்றார், நான் வீட்டில் இருக்கும்போது என்றார், முதலில் எடுத்துவிட்ட அந்த என் கை அவன்மேல் இருக்கும்போது என்பதையும் விடாமல் சொன்னார். எல்லாம் சொல்லியாயிற்று. முடித்துக் கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். கூப்பின கை பிரியவில்லை, உதடு இன்னும் எதற்கோ அசைந்துகொண்டிருந்தது. குற்றாலிங்கம் குனிந்து காதைக் கொடுத்தான். "இன்னைக்கு வேண்டாம்" என்று அவர் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.